செக் புத்தகத்தை மூடிவிடலாமா? கரூர் வியாபாரி ஒருவரின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கரூரில் சின்ன அளவில் படுக்கை விரிப்பும் துண்டும் நெய்யக் கொடுத்து விற்கிறீர்கள். வரவு எல்லாம் போனிலும், கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் முறையிலும் வந்துவிடுகிறது. வருஷத்துக்குப் பத்துச் செக் கிழித்தால் அதிகம், ஆனால் புத்தகத்துக்கு வங்கி கட்டணம் பிடிக்கிறது. "செக் எப்படியும் ஒழியப்போகிறது என்கிறார்களே, இப்போதே விட்டுவிடலாமா, விட்டால் எதற்கு எதைப் பயன்படுத்துவது?" என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல, நூல் கடன் தரும் மில் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுச் செக் கேட்டது, கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது.

காரணம் இது. செக் என்ற தாள் எப்போதுமே இரண்டு வேலை பார்த்து வந்தது. ஒன்று, பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்த்துவது. இன்னொன்று, "இந்தத் தேதியில் தருகிறேன்" என்ற வாக்கைப் பிடித்துவைத்திருப்பது. முதல் வேலைக்குச் செக் இனித் தேவையே இல்லை. அதைவிட மலிவாக, வேகமாகச் செய்ய நாலு வழி இருக்கிறது. இரண்டாவது வேலைக்குத்தான் நம் ஊர் வியாபாரத்தில் இன்னும் செக்கைக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் மாற்று கொஞ்சம் சிக்கலானது, ஆபத்தும் அங்கேதான்.

ரிசர்வ் வங்கியின் கணக்கே இதைக் காட்டுகிறது. 2022-23இல் நாடு முழுக்கச் சுமார் 71 கோடி செக் கிளியரிங்குக்கு, அதாவது வங்கிகள் தங்களுக்குள் செக்கைப் பணமாக்கிக்கொள்ளும் இடத்துக்கு, வந்தது. 2024-25இல் அது சுமார் 61 கோடி. எண்ணிக்கை இவ்வளவு விழுந்தும் மொத்தத் தொகை 71 லட்சம் கோடி ரூபாயை ஒட்டியே நிற்கிறது. வகுத்துப் பார்த்தால் 2024-25இல் ஒரு செக்கின் சராசரி மதிப்பு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் யு.பி.ஐ. சராசரி சுமார் 1,400 ரூபாய். டீக்கடைப் பணமும் மளிகைப் பணமும் செக்கை விட்டு என்றைக்கோ போய்விட்டன. பெரிய தொகைகளும் தவணை வாக்குகளும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ஒழியப்போகிறதா என்றால், இந்தியாவில் அப்படி ஒரு தேதி அறிவிக்கப்படவில்லை. 2017 நவம்பரில் செக் புத்தகத்தை அரசு நிறுத்தப்போகிறது என்று பேச்சு பரவி, நிதி அமைச்சகமே மறுத்தது. ரிசர்வ் வங்கி 2013 ஜனவரியில் செக் பயன்பாட்டைக் குறைக்கும் வழிகளைப் பற்றி ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, தடை போடவில்லை. வெளிநாடுகளில் கதை வேறு. டென்மார்க்கில் 2017 தொடக்கத்தோடு வங்கிகள் செக்கை முடித்துக்கொண்டன. நியூசிலாந்து வங்கிகள் 2020, 2021இல் நிறுத்திவிட்டன. பிரிட்டன் 2018இல் மூடுவதாக 2009இல் முடிவெடுத்தது; முதியவர்களும் அறக்கட்டளைகளும் எதிர்த்ததால் 2011இல் அந்த முடிவையே திரும்பப் பெற்றது. நம் நாட்டில் செக்குக்கு அடிப்படையான 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் உயிரோடு இருக்கிறது, நீதிமன்றங்களில் செக் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, கிளியரிங் முறையைப் புதுப்பிக்க இப்போதும் செலவு செய்கிறார்கள். ஆகவே ஒழியும் என்ற பயத்தில் எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் தொழிலுக்கு எது பாதுகாப்போ அதைப் பார்த்து மாற்றுங்கள்.

பணத்தை நகர்த்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வரை யு.பி.ஐ. போதும். அது பொதுவான ஒரு நாள் வரம்பு. உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், மருத்துவமனை, கல்விக் கட்டணம், வரி போன்றவற்றுக்குக் கூடுதல் வரம்பு உண்டு. புதுப் போனில் யு.பி.ஐ. போட்டால் முதல் நாள் வரம்பு மிகக் குறைவாக இருக்கும். சனிக்கிழமை கூலி போட வேண்டிய அன்று போனை மாற்றாதீர்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை உடனே போய்ச் சேர வேண்டும் என்றால் ஐ.எம்.பி.எஸ். அவசரமில்லை என்றால் நெஃப்ட். நெஃப்டில் பணம் அரை மணிக்கு ஒரு முறை, நாளுக்கு 48 தொகுப்பாகப் போகிறது. 2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறு, தீபாவளி எல்லா நாளும் ஓடுகிறது. தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எதிர்க்கணக்கில் வரவு வைக்க வேண்டும், தாமதித்தால் அந்த வங்கி வட்டி தர வேண்டும். இரண்டு லட்சம் முதல் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் ஆர்.டி.ஜி.எஸ்.; அதுவும் 2020 டிசம்பர் 14 முதல் இரவு பகல் ஓடுகிறது. இரவு பகல் என்பது நெட் பேங்கிங்குக்கும் ஆப்புக்கும்தான். கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கொடுப்பவருக்குக் கிளை திறந்திருக்கும் நேரமே நேரம்.

கட்டணத்தைப் பற்றிப் பலருக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்ப 2020 ஜனவரி முதல் கட்டணம் கிடையாது. மற்றபடி நெஃப்டுக்கு உச்சவரம்பு பத்தாயிரம் வரை இரண்டரை ரூபாய், ஒரு லட்சம் வரை ஐந்து, இரண்டு லட்சம் வரை பதினைந்து, அதற்கு மேல் இருபத்தைந்து, இதோடு ஜி.எஸ்.டி. ஆர்.டி.ஜி.எஸ்.சுக்கு ஐந்து லட்சம் வரை 24.50, அதற்கு மேல் 49.50. கரண்ட் அக்கவுண்டுக்கு ஆன்லைனில் இதையும் தள்ளுபடி செய்யும் வங்கிகள் நிறைய. உங்கள் கணக்கின் கட்டணப் பட்டியலைக் கிளையில் கேட்டுப் பாருங்கள். அது வங்கிக்கு வங்கி மாறுவதால் நான் இங்கிருந்து சொல்ல முடியாது. செக் தாளின் விலை, கூரியர், வங்கிக்கு ஆள் அனுப்பும் நேரம் எல்லாம் சேர்த்தால் நெஃப்ட் மலிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கே தவறு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது இதைவிட அவசியம். செக்கில் பெயர் எழுதுகிறோம், வங்கி பெயரைப் பார்க்கிறது. நெஃப்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்.சிலும் வெகுகாலம் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைத்தார்கள். பெயர் என்ன எழுதினாலும் பணம் அந்த எண்ணுக்கே போகும். ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்துவிட்டால் போச்சு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் அனுப்புவதற்கு முன் எதிர்க்கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். திரையில் வரும் அந்தப் பெயரை நிறுத்திப் படியுங்கள். மில்லின் பெயருக்குப் பதில் ஒரு தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள பழைய நம்பரில் மில் கணக்காளரைக் கூப்பிட்டுக் கேட்டபின்தான் புதுக் கணக்கைச் சேர்க்க வேண்டும். வியாபாரிகள் பெரிய தொகையை இழப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரத்தில் சிறு தொகைதான் அனுப்ப முடியும் என்று பல வங்கிகள் வைத்திருக்கின்றன. அது தொந்தரவாகத் தெரியும், ஆனால் காவல். சப்ளையரை முதல் நாளே சேர்த்து நூறு ரூபாய் அனுப்பி, வந்தது என்று அவர் வாயால் கேட்டுவிட்டு மறுநாள் பெரிய தொகையை அனுப்புங்கள்.

தவறாகப் போன பணத்தைத் திரும்பப் பெறுவதில் மூன்று நிலை உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் கணக்கில் கழிந்து அடுத்தவருக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிட்டால் அது முறையின் கோளாறு. யு.பி.ஐ.யில் ஆளுக்கு ஆள் அனுப்பியது மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019இலேயே விதி வந்துவிட்டது. நீங்களே தவறான ஆளுக்கு அனுப்பியிருந்தால் வங்கி தானாகப் பிடுங்கித் தராது. அந்த ஆளின் சம்மதம் வேண்டும். ஆப்பிலும் வங்கியிலும் உடனே புகார் பதியுங்கள். முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், தொலைபேசி 14448. மூன்றாவது மோசடி. அதற்கு 1930 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கு முக்கியம், ஏனென்றால் பணம் கணக்குக் கணக்காகத் தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு. செக் இந்த ஓர் இடத்தில் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கையை விட்டுப் போனபிறகும் கிளியரிங்குக்கு வரும் வரை "நிறுத்து" என்று வங்கிக்குச் சொல்லலாம். போனில் பின் நம்பர் அழுத்தியபின் அந்த அவகாசம் கிடையாது.

வாங்கும் பக்கமும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் வரவு ஆகாது. நிஜ ஆப் மாதிரியே ஓடும் போலி ஆப்புகள் இருக்கின்றன. உங்கள் வங்கி ஆப்பிலோ ஸ்பீக்கர் பெட்டியிலோ வந்தால்தான் வரவு. எஸ்.எம்.எஸ்.சையும் போலியாக அனுப்ப முடியும் என்பதால் பெரிய சரக்குக்கு அக்கவுண்டில் இருப்பையே பாருங்கள். யு.பி.ஐ. பரிமாற்ற எண் 12 இலக்கம், நெஃப்டின் யு.டி.ஆர். என்னும் பரிமாற்ற அடையாளம் 16 எழுத்து, ஆர்.டி.ஜி.எஸ். யு.டி.ஆர். 22 எழுத்து. "ஆர்.டி.ஜி.எஸ். போட்டுவிட்டேன்" என்று சொல்லி ஆறு இலக்க எண்ணை ஒருவர் அனுப்பினால் அது செக் எண், பணம் இல்லை. இதில் பழைய ஏமாற்று ஒன்று இன்றும் ஓடுகிறது: உங்கள் கணக்கில் செக்கைப் போட்டுவிட்டு, கிளியரிங்குக்கு உட்பட்டு எழுதிய வரவைக் காட்டி லாரியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு செக் திரும்பும். எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்பதைப் பாருங்கள், காட்டும் இருப்பை அல்ல.

டிஜிட்டல் வரவில் புதிதாக முளைத்த தொல்லையையும் சொல்லியாக வேண்டும். யாரையோ ஏமாற்றிய பணத்தில் ஒருவன் உங்களிடம் துண்டு வாங்கிவிட்டுப் போனால், அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்துவரும் சைபர் போலீஸ் உங்கள் கணக்கில் அந்தத் தொகையையோ, சில நேரம் முழுக் கணக்கையோ முடக்கச் சொல்கிறது. நீங்கள் குற்றவாளி இல்லை என்றாலும் விடுவிக்க அலைய வேண்டும். தடுக்க முழு வழி இல்லை. தாங்கிக்கொள்ள வழி உண்டு. சில்லறை வரவுக்கு ஒரு கணக்கு, கூலியும் நூல் பணமும் போகும் கணக்கு வேறு என்று பிரித்து, வரவை அன்றன்றே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் பில் இருக்கட்டும். பில்லும் டெலிவரி சீட்டும் கையில் இருந்தால் வங்கிக்கும் காவல் துறைக்கும் எழுதிக் கொடுப்பது எளிது.

நிலம், வீடு கிரயத்துக்கு மட்டும் டி.டி. என்னும் வங்கி வரைவோலை இன்னும் உதவுகிறது. கையெழுத்துக்கு முன் பணம் அனுப்ப வாங்குபவருக்குப் பயம், பணம் வராமல் கையெழுத்துப் போட விற்பவருக்குப் பயம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் டி.டி.யைக் காட்டினால் இருவர் பயமும் தீர்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் டி.டி. எடுக்க ரொக்கம் வாங்க மாட்டார்கள், கணக்கிலிருந்துதான். எடுத்தவர் பெயர் 2018 செப்டம்பர் 15 முதல் அதிலேயே அச்சாகிறது. ஆயுள் மூன்று மாதம். டி.டி.யும் போலியாக வரலாம் என்பதால், வாங்கும்போது கொடுத்த கிளையைக் கூப்பிட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

ரொக்கத்துக்குத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். தொழில் செலவுக்கு ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க விட மாட்டார்கள். லாரி வாடகைக்கு மட்டும் 35,000. இதில் பலர் கவனிக்காதது, கொண்டுவருபவருக்குப் பணம் தரும் பேரர் செக்கும் வெறும் இரண்டு கோடு போட்ட செக்கும் இந்த விதிக்குச் செல்லாது, பெயர் எழுதியவரின் கணக்கில் மட்டும் வரவாகும் "அக்கவுண்ட் பேயீ" செக்காக இருக்க வேண்டும். நெஃப்டிலும் யு.பி.ஐ.யிலும் இந்தக் கவலையே எழாது.

இனி, செக் எழுதத்தான் வேண்டும் என்றால் எப்படி எழுதுவது. இடது மேல் மூலையில் இரண்டு கோட்டுக்கு நடுவில் அக்கவுண்ட் பேயீ என்று எழுதி, "அல்லது கொணர்பவருக்கு" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பெயரில், தொகையில் அடித்தல் திருத்தல் இருந்தால், செக்கின் படத்தை வைத்து நடக்கும் சி.டி.எஸ். கிளியரிங்கில் திருப்பிவிடுவார்கள்; பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும் ஏற்காது, புதுத் தாள்தான். வங்கிக்கு இப்போது தாள் போவதில்லை, தாளின் படம்தான் போகிறது. ஆகவே அழியாத, அழுத்தமான மையில் எழுதுங்கள். கருப்பு மை தடை என்று வந்த வாட்ஸ்அப் செய்தி பொய். அடியில் உள்ள எண் பட்டையின் மேல் கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்போ படக் கூடாது. தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். 2012 ஏப்ரலுக்கு முன்பு ஆறு மாதம் இருந்தது, பழைய ஆட்கள் அந்த நினைப்பிலேயே செக்கைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். 50,000 ரூபாயும் மேலும் உள்ள செக்குக்கு 2021 ஜனவரி முதல் பாசிட்டிவ் பே வசதி உண்டு: செக் எண், தேதி, பெயர், தொகையை ஆப்பிலோ கிளையிலோ முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேல் பல வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. பதியாத செக் திரும்பும். ஐம்பதாயிரத்துக்கே பதிந்துவிடுங்கள் என்பேன். தொகையைத் திருத்தி ஏமாற்றினால் மாட்டும் இடம் அது.

இன்னொரு மாற்றம் பல வியாபாரிகளைத் தடுமாற வைக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் தொகுப்பாக இல்லாமல் நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. பகலில் வந்த செக்கை உங்கள் வங்கி அன்று மாலை ஏழு மணிக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். பதில் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கணக்கு. தொடங்கிய நாட்களில் பல இடங்களில் பணம் வரத் தாமதமானது உண்மை. ஆனால் எழுதுபவருக்குப் பாடம் வேறு. "இன்று செக் கொடுப்போம், நாளை மறுநாள்தான் வரும், அதற்குள் பணம் போட்டுவிடலாம்" என்று ஓட்டிய காலம் முடிந்தது. செக்கைக் கொடுக்கும்போதே கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டு வெற்றுச் செக்குக்கு வருகிறேன். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி குற்ற வழக்கு: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதன் கால அட்டவணை கறாரானது. செக் திரும்பியது என்று வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ மார்ச் 5 அன்று கைக்கு வந்தால் ஏப்ரல் 4க்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது ஏப்ரல் 8 அன்று உங்களுக்குக் கிடைத்தால் 23 வரை, அதாவது 15 நாள், பணம் கட்ட அவகாசம். அதற்குள் கட்டிவிட்டால் வழக்கில்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் வழக்குப் போட வேண்டும். இது நீங்கள் செக் வாங்கும் பக்கத்தில் இருந்தாலும் பொருந்தும். நோட்டீஸில் செக் தொகையைச் சரியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், வட்டி, செலவு என்று மொத்தமாகக் கலந்து கேட்டால் வழக்கே அடிபடலாம்.

"நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், தொகையை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்" என்பது தப்பும் வழி என்று நம்புகிறார்கள். தப்பாது. விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். "செக்யூரிட்டிக்குக் கொடுத்தது" என்ற சொல்லும் காப்பாற்றாது. கடன் தவணை வந்து, கட்டாமல் இருந்தால் அந்தச் செக்கைப் போடலாம் என்று 2021இல் தீர்ப்பு. பணம் நிறுத்தச் சொல்லிவிட்டாலும், கணக்கையே மூடிவிட்டாலும் 138 பாயும். உங்களுக்குச் சாதகமான தீர்ப்பும் ஒன்று உண்டு, 2022இல் வந்தது: பாதிக் கடனைத் திருப்பிக் கொடுத்தபின், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குச் செக்கைப் போட்டால் குற்றம் ஆகாது. அதற்கு நீங்கள் கட்டியதற்கான ஆதாரம் வேண்டும், அதாவது ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகக் கட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கும் அதன் ஆவணங்களைப் பொறுத்தது. நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தப் பதிலை நம்பி நிற்காமல் அன்றே வக்கீலைப் பாருங்கள்.

வாக்கைப் பிடித்துவைக்கும் வேலைக்கு மாற்று உண்டா? மாதத் தவணைக்கு உண்டு. நாச் ஆணை எழுதிக் கொடுத்தால், குறித்த தேதியில் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்வார்கள். அது பணமில்லாமல் திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25ஆவது பிரிவில் 138இன் அதே தண்டனைதான், அதே முப்பது நாள், பதினைந்து நாள் கணக்குதான். ஆகவே "செக் கையில் இருந்தால்தான் கேஸ் போட முடியும்" என்று ஃபைனான்ஸ்காரர் சொன்னால் அது சரியில்லை. நாச் ஆணையில் உச்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒரு முறை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எல்லாம் எழுத்தில் இருக்கும். வெற்றுச் செக்கில் இவை எதுவும் இல்லை. இந்த வித்தியாசம்தான் உங்கள் பாதுகாப்பு. முடிவுத் தேதியைக் கடன் முடியும் மாதத்தோடு நிறுத்துங்கள், உச்சத் தொகையைத் தவணையைப் போல் பல மடங்கு எழுத விடாதீர்கள். கடன் முடிந்ததும் உங்கள் வங்கியில் சொல்லி ஆணையை ரத்து செய்து, ரத்தானதற்கு அத்தாட்சி வாங்குங்கள். சிறு மாதக் கட்டணங்களுக்கு யு.பி.ஐ. ஆட்டோபே இருக்கிறது, பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்காமல் போகும், 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும்.

மில்லோடு உங்களுக்கு இருப்பது தவணைக் கடன் இல்லை, ஓடும் கணக்கு. மாதா மாதம் நூலின் அளவும் விலையும் மாறும். பெரிய மில் என்றால் அதன் வங்கி வழியாக நாச் வசூலில் சேர்ந்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். சிறிய நூல் வியாபாரியிடம் அந்த ஏற்பாடு இருக்காது. நீங்கள் கட்டாவிட்டால் வங்கி கட்டும் என்ற வங்கி உத்தரவாதம் கொடுக்கலாம்; அதற்கு வங்கி முன்பணமும் கமிஷனும் கேட்கும், மாதம் இரண்டு மூன்று லட்சத்துக்கு நூல் எடுப்பவருக்கு அது கட்டுப்படியாகுமா என்பது உங்கள் வங்கியோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விஷயம். என் கருத்து, கடன் வாங்கி நூல் எடுக்கும் வரை உங்களுக்குச் செக் புத்தகம் வேண்டியிருக்கும். மூடாதீர்கள். வெற்றுச் செக்கை மட்டும் நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மில்லுக்குப் போய், இரண்டு வெற்றுச் செக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்கு மில் பெயர் எழுதி, அக்கவுண்ட் பேயீ கோடு போட்டு, தேதியும் இன்றைய பாக்கித் தொகையும் நிரப்பிய ஒரு செக்கைக் கொடுங்கள். கூடவே இரண்டு பிரதியாக ஒரு கடிதம்: "இன்ன எண்ணுள்ள செக், இன்ன பில்களுக்கான இன்ன தொகைக்குத் தரப்படுகிறது. இந்தத் தொகை வங்கி வழியாகக் கட்டப்பட்டதும் செக் திருப்பித் தரப்பட வேண்டும். கட்டிய பகுதித் தொகை கழித்தே பாக்கி கணக்கிடப்படும்." ஒரு பிரதியில் மில்லின் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வெற்றுச் செக் தொலைந்துவிட்டது, கிடைக்கவில்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்கி, அந்த இரண்டு எண்ணுக்கும் வங்கியில் பணம் நிறுத்தும் படிவம் கொடுங்கள். காரணம் என்ற இடத்தில் "தொலைந்தது" என்று எழுதி, மில் கொடுத்த கடிதத்தின் நகலை இணையுங்கள். திரும்பி வந்த தாள்களில் எம்.ஐ.சி.ஆர். என்னும் அடி எண் பட்டையைக் குறுக்கே வெட்டி, எண்ணைச் செக் பதிவேட்டில் "ரத்து" என்று எழுதி, வெட்டிய தாளை அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.